கைத்துப்பாக்கியில் மேகசின் மாற்றுவது எப்படி

சிங்கப்பூரில் நம் ஆட்களில் துப்பாக்கி சுடும் மன்றத்துக்கு வருபவர்கள் பலர் தேசிய சேவையில் ரைஃபிள் பிடித்துப் பழகியவர்கள்தான். சுடுவதில் தயக்கம் இருக்காது. ஆனால் கைத்துப்பாக்கியில் மேகசின், அதாவது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி, தீர்ந்ததும் துப்பாக்கியை வயிற்றுப் பக்கம் இறக்கிவிட்டு, குனிந்து, இடது கையால் இடுப்பைத் தடவித் தேடிக்கொண்டு நிற்பார்கள், அதற்குள் இலக்கு எங்கே இருந்தது என்பதே கண்ணில் இருந்து போயிருக்கும். துப்பாக்கியை இறக்காதீர்கள். முதலில் பழக வேண்டியது அதுதான்.

முழங்கையை மடக்கி விலாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் துப்பாக்கி உங்கள் முகவாய்க்கு நேரே, ஓரடி தூரத்தில் நிற்கும். குழல் இலக்குப் பக்கமே இருக்கட்டும். விரல் விசையைச் சுற்றியுள்ள விசைக்கூண்டுக்கு வெளியே, துப்பாக்கியின் உடற்பகுதி மேல் நீட்டியபடி. ஐபிஎஸ்சி என்ற சர்வதேசச் சுடுதல் அமைப்பின் போட்டியில் மேகசின் மாற்றும்போது விரல் உள்ளே இருந்தால் அதோடு உங்களை வெளியேற்றிவிடுவார்கள், அது சரியான விதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வலது கட்டைவிரல் மேகசினை விடுவிக்கும் பொத்தானை அழுத்தும் அதே நேரத்தில் இடது கை இடுப்புப் பையில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் நேரம் அங்கேதான் போகிறது. பையில் மேகசினைத் தோட்டாவின் முனை முன்பக்கம், அதாவது உங்கள் தொப்புள் பக்கம் பார்க்கும்படி வையுங்கள். எடுக்கும்போது அடிப்பாகம் உள்ளங்கையில் பதியும், ஆள்காட்டி விரல் முன்புறமாக நீண்டு முதல் தோட்டாவைத் தொடும். அந்த விரல்தான் வழிகாட்டி.

இப்போது கண்ணை இலக்கில் இருந்து எடுத்து, கைப்பிடியின் அடியில் உள்ள வாயைப் பாருங்கள். பார்க்காமல் செருகுவதுதான் திறமை என்று சிலர் நினைக்கிறார்கள், நான் அதை ஏற்க மாட்டேன். அரை விநாடி பார்த்தால் ஒரே முறையில் உள்ளே போகும். துப்பாக்கியைக் கொஞ்சம் திருப்பி வாயை இடது கைக்குக் காட்டுங்கள், மேகசினின் பின்விளிம்பை வாயின் பின்விளிம்போடு சேர்த்து வைத்து, அப்புறம் உள்ளங்கையால் அழுத்தமாக ஏற்றுங்கள். அரைகுறையாக ஏற்றிய மேகசின் அடுத்த குண்டிலேயே கீழே விழும். எனக்கு ஒரு போட்டியில் அப்படித்தான் ஆனது.

ஸ்லைடு, அதாவது துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம், பின்னால் நின்றிருந்தால் அதன் பின்பகுதியை மேலிருந்து பிடித்து இழுத்து, விட்டுவிடுங்கள். கையோடு சேர்த்து முன்னுக்குக் கொண்டுபோகாதீர்கள், ஸ்பிரிங் தன் முழு வேகத்தில் மூட வேண்டும். கட்டைவிரலால் ஸ்லைடை விடுவிக்கும் நெம்புகோலை அழுத்துவது இன்னும் வேகம், ஆனால் நம் ஊர் புழுக்கத்தில் கை வியர்த்து வழுக்கும்போது முழுக் கையால் இழுப்பதையே நான் நம்புகிறேன். கடைசிக் குண்டுக்குப் பிறகும் ஸ்லைடு பின்னால் நிற்கவில்லை என்றால் துப்பாக்கியைக் குறை சொல்லும் முன் உங்கள் கட்டைவிரலைப் பாருங்கள், பெரும்பாலும் அது அந்த நெம்புகோல் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

மேகசினில் இன்னும் தோட்டா மிச்சம் இருந்து, அதைக் கீழே விழவிடாமல் மாற்ற வேண்டுமானால் வேறு முறை. புது மேகசினை முதலில் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, பழையதை அதே கையின் மற்ற விரல்களுக்குள் இறக்கி வாங்கி, புதியதைச் செருகி, பழையதைப் பையில் போடுங்கள். சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், ஒரு தோட்டா ஏற்கனவே இருப்பதால் ஸ்லைடைத் தொட வேண்டாம். இது மெதுவான வேலை, அவசரப்பட்டால் இரண்டும் தரையில் கிடக்கும்.

இடது கைக்காரர்கள் பொத்தானை ஆள்காட்டி விரலாலோ நடுவிரலாலோ அழுத்தலாம். புதிய குளோக் போன்றவற்றில் பொத்தானையே மறுபக்கம் மாற்றிவிட முடியும், அதை ரேஞ்சில், அதாவது சுடுதளத்தில், துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரரிடம் கேளுங்கள்.

வீட்டில் பழகுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மேகசின், தோட்டா, காலி ஓடு எதையும் ரேஞ்சுக்கு வெளியே கொண்டுபோக நினைக்கவே வேண்டாம். 1973-இல் வந்த ஆயுதக் குற்றச் சட்டத்தில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தாலே சிறையும் பிரம்படியும் உண்டு, பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் பொம்மைக்கும் உரிமம் இல்லாமல் இங்கே இடமில்லை. நான் செய்வது இதுதான்: இடுப்புப் பட்டையில் ஒரு சின்ன பை, அதில் மேகசின் அளவுள்ள பவர் பேங்க். எடுப்பது, ஆள்காட்டி விரல் சரியாக உட்காருவது, முகவாய் உயரத்துக்குக் கொண்டுவருவது, இவ்வளவுதான். வீவக அடுக்குமாடி வீட்டின் அறையில் தினமும் 20 முறை, மெதுவாக. மீதியை ரேஞ்சில் அதிகாரியின் அனுமதியோடு காலித் துப்பாக்கியில் செய்யுங்கள்.

முடித்ததும் இறக்கும் வரிசை மாறக் கூடாது. முதலில் மேகசின் வெளியே, அப்புறம்தான் ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை எடுப்பது. மாற்றிச் செய்தால் எடுத்த தோட்டாவின் இடத்தில் மேகசினில் இருந்து இன்னொன்று ஏறி உட்கார்ந்துவிடும், மேகசினைக் கழற்றிய பிறகு துப்பாக்கி காலி என்று நம்பிக்கொண்டு நிற்பீர்கள். சேம்பரைக் கண்ணால் பாருங்கள், அதிகாரியிடமும் காட்டுங்கள்.