உப்புத் தண்ணீரில் உடையும் லோஷன்: பொலிமரால் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்க்கும் முறை

லோஷனில் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் வைக்க வழக்கமாக எமல்சிஃபையிங் வக்ஸ் போடுவோம், 100 கிராமுக்கு 3 முதல் 6 கிராம் வரை. அதில் வேலை செய்பவை சின்ன மூலக்கூறுகள், எண்ணெய்த் துளியில் ஒட்டுவதும் கழலுவதுமாக இருக்கும், சிலருக்குத் தோலில் எரிச்சலும் வரும். அதற்குப் பதிலாக எண்ணெயை நாடும் கிளைகள் ஒட்டிய அக்ரிலிக் பொலிமர் தூள் (பெமுலென் என்று விற்பது இந்த வகைதான்) வெறும் 0.3 கிராம் போதும். பொலிமரின் மூலக்கூறு ஒரு நீளமான சங்கிலி, ஒரே துளியைப் பல இடத்தில் பிடித்துக்கொள்ளும், அதனால் லேசில் கழலாது.

18 கிராம் தேங்காய் எண்ணெயில் தூளைத் தூவிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். திருகோணமலைச் சூட்டில் எண்ணெய் உறையாது, அடுப்பே தேவையில்லை. 76 கிராம் தண்ணீரில் 3 கிராம் கிளிசரின், 1 கிராம் பீனொக்ஸிஎதனோல் (லோஷன் கெடாமல் காப்பது) கலந்து, அதற்குள் எண்ணெயை ஊற்றி அரை மணி நேரம் நிதானமாகக் கலக்க வேண்டும். அப்புறம் கையுறை போட்டு, 10 வீத கோஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், பிஎச் தாளில் (அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் தாள்) 6 வந்ததும் நிறுத்துங்கள். அமிலம் குறையக் குறையச் சங்கிலிகளில் மின்னேற்றம் ஏறி, ஒன்றையொன்று தள்ளி விரிந்து, கண் முன்னாலேயே கெட்டியாகும். இதற்குப் பிறகு பிளெண்டர் பக்கமே போகாதீர்கள், சங்கிலி அறுந்தால் திரும்பக் கெட்டியாகாது.

தண்ணீர்தான் இங்கே பெரிய தலையிடி. உப்புவெளி, நிலாவெளி மாதிரிக் கடலை ஒட்டிய இடங்களில் கிணற்று நீரில் உப்புக் கரித்தால் அதைத் தொடவே வேண்டாம், உப்பின் அயனிகள் (மின்னேற்றமுள்ள துகள்கள்) சங்கிலியின் மின்னேற்றத்தை மறைத்துவிடும், சங்கிலி சுருண்டு லோஷன் தண்ணீராகிவிடும். கொதிக்க வைத்தாலும் உப்புப் போகாது, வடித்த நீர்தான் வாங்க வேண்டும். கற்றாழைச் சாறும் இதே வேலையைத்தான் செய்யும். நம்பாவிட்டால் ஒரு கரண்டி லோஷனில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பாருங்கள். ஆனால் இதே குணம்தான் தோலில் உதவுகிறது: வியர்வையின் உப்புப் பட்டதும் லோஷன் உடைந்து எண்ணெய் உடனே பரவும், பிசுபிசுப்புக் குறைவு.

ஷாம்புவுக்கு இது சரிவராது, நுரைக்காது. ‘இயற்கைக்கு நல்லது’ என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம், இந்த அக்ரிலிக் மண்ணில் இலகுவாக மக்காது.