முகாம் மக்களுக்கு உதவப் போகிறீர்களா? தேதியைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்

2025 செப்டம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவைக் குடியுரிமை என்று நினைத்து, தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு வாழ்த்துச் சொல்பவர்கள் உண்டு. அதில் இருப்பது இவ்வளவுதான்: 2015 ஜனவரி 9-க்குள் வந்து, அரசிடம் பதிவு செய்திருக்கும் இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை இல்லை. அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து வந்த சிலருக்குக் குடியுரிமை தரும் 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. அது அப்படியேதான் இருக்கிறது. 2022-இல் பஞ்சம் தாங்காமல் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கியவர்களுக்கு இந்த விலக்கும் கிடையாது. ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடு, சட்டம் வேறு.

"முகாமில் பிறந்தாலும் அகதிதானே" என்பது அடுத்த தவறு. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. 1987 ஜூலை 1-இலிருந்து பிறந்தவர்கள் என்றால், அம்மா அப்பாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனா என்று பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 3-இலிருந்து விதி இன்னும் இறுகிவிட்டது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது "எனக்குத் தெரிந்த ஏஜென்ட் இருக்கிறார்" என்ற உதவி. ஆதார் இங்கே வசிப்பதற்கான அடையாளம், குடியுரிமைச் சான்று அல்ல. அதை வைத்து வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ எடுத்துக் கொடுத்தால், நாளைக்கு வழக்கு வரும்போது நிற்கப்போவது ஏஜென்ட் இல்லை, அதை வாங்கிக்கொண்ட முகாம் பிள்ளை.

சண்டைதான் முடிந்துவிட்டதே, ஊருக்குப் போகலாமே என்று சொல்வதும் சுலபம். 2025-இல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு திரும்பிய முதியவர் ஒருவரையே யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். அவர் முன்பு முறையான பாஸ்போர்ட் இல்லாமல் இலங்கையை விட்டு வந்தவராம்! அந்த ஆணையமும் அதே ஆண்டு நிதி இல்லாமல் சுமார் 3,500 பணியிடங்களைக் குறைத்தது. போவதா இருப்பதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

அப்புறம், பிஸ்கட் பாக்கெட்டோடு குழந்தைகளை நிறுத்திப் படம் எடுப்பது. வேண்டாம். அந்தக் காசை, பிள்ளையின் பிறப்பைப் பதிவு செய்யச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போகும் குடும்பத்துக்குப் பஸ் செலவாகக் கொடுங்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால் பிள்ளைக்கு இந்த நாடும் இல்லை, அந்த நாடும் இல்லை.