கை வேலை தெரிந்தால் போதாது, வாயும் திறக்கணும்: வேலூர்ப் பக்கமிருந்து பிரிட்டன் வரும் செவிலியர்களுக்கு

பிரிட்டனில் நர்ஸ் வேலை பார்க்கும் நான், சிரசுத் திருவிழாவுக்கு லீவு போட்டுக் குடியாத்தம் வந்திருக்கிறேன். வந்த மறுநாளே எங்கள் தெருவிலிருந்து மூன்று பெண்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்திக்கு அடுத்த மாதம் விமானம். ஒருத்தி பிரிட்டன் பதிவுக்கான கம்ப்யூட்டர் தேர்வான சி.பி.டி.யை இரண்டாம் முறை எழுதப் போகிறாள். மூன்றாமவளின் அக்கா ஏற்கெனவே இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே வைக்கும் செய்முறைத் தேர்வான ஆஸ்கியில் ஃபெயிலாகி, மூன்று நாளாக வீட்டுக்குப் போன்கூடப் பண்ணவில்லையாம். அவர்களிடம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கணக்கு. பி.எஸ்சி. நர்சிங் முதல் வருஷம் அனாடமியில் அரியர். அம்மா பீடி சுற்றிக் கட்டிய ஃபீஸ் என்பதால் அதை வீட்டில் சொல்லவே ஆறு மாதம் ஆனது. ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பகுதியில் 6.5 வேண்டும், எனக்கு இரண்டு முறை 6-தான் வந்தது. மற்ற மூன்றிலும் 7 கேட்கிறார்கள், அது பிரச்சினையில்லை. ஆஸ்கியில் இரண்டு தடவை ஃபெயில். இத்தனைக்கும் பிறகுதான் பிரிட்டனின் செவிலியர் கவுன்சிலான என்.எம்.சி.யின் பதிவு எண் வந்தது. அதனால் ‘அக்கா, எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று என்னிடம் கேட்காதீர்கள்.

வேலூர் என்று சொன்னாலே இண்டர்வியூவில் ஒரு மரியாதை உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் காலத்தில், 1909-லேயே, நர்சிங் பள்ளி வந்த ஊர். 1946-லேயே டிகிரி தொடங்கிய ஊர். நான் சி.எம்.சி.யில் படித்தவள் இல்லை, பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி. ஆனாலும் அந்தப் பெயரின் நிழலில் நானும் கொஞ்சம் நின்றுகொண்டேன். ஆஸ்கி அறைக்குள் அந்த நிழல் வராது.

ஏன் வராது என்று எனக்குப் புரியவே இரண்டு ஃபெயில் தேவைப்பட்டது. நான் வேலை பார்த்த வார்டில் நாற்பது நோயாளிகளுக்கு இரண்டு பேர். பேசிக்கொண்டு நின்றால் பத்து மணி மருந்து பன்னிரண்டுக்குத்தான் போகும். ஊசி போடும்போதே அடுத்த படுக்கையின் டிரிப் முடிகிறதா என்று கண் பார்க்கும். அலர்ஜி உண்டா என்று வாய்விட்டுக் கேட்க மாட்டோம். சார்ட்டை ஒரு பார்வை, முடிந்தது. ஆஸ்கியில் பரீட்சை வைப்பவருக்கு நம் மனசு தெரியாது. சார்ட்டைப் பார்த்தாள், சரி, எதைப் பார்த்தாள்? நான் அலர்ஜி கட்டத்தைப் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். வாயால் சொல்லவில்லை. மார்க் இல்லை.

ஆஸ்கியில் மொத்தம் பத்து ஸ்டேஷன், அதாவது பத்து தனித்தனிச் சோதனை. நோயாளியை மதிப்பிடுவது, திட்டமிடுவது, செய்வது, பிறகு அடுத்தவரிடம் ஒப்படைப்பது என்று நான்கு. கை வேலை நான்கு. பேச்சே இல்லாமல் எழுதுவது இரண்டு. ஒவ்வொரு அறையிலும் எதற்கு மார்க் என்ற பட்டியலைத் தேர்வு மையங்களே முன்கூட்டித் தருகின்றன. யூடியூபில் பத்து வீடியோ பார்ப்பதைவிட அந்தப் பட்டியலைப் பத்து தடவை படிப்பது மேல். கை கழுவினேன், முழுப் பெயரும் பிறந்த தேதியும் கேட்டேன், அலர்ஜி கேட்டேன், திரையை இழுத்தேன், சம்மதம் கேட்டேன்: எல்லாம் சத்தமாக. முதல் வாரம் பைத்தியக்காரி மாதிரி இருக்கும். நான் குவார்ட்டர்ஸில் தலையணைக்குப் பெயர் வைத்து அதனிடம் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பல்ஸ், பி.பி., மூச்சு மாதிரி அளவுகளை வைத்து நோயாளியின் ஆபத்தைக் கணக்கிடும் நியூஸ் 2 ஸ்கோரை விரல்நுனியில் வைத்துக்கொள்ளுங்கள். 5 வந்தால் அவசரமாக டாக்டர் பார்க்க வேண்டும், 7 என்றால் எமர்ஜென்சி. நோயாளிக்கு மூச்சு நின்றால் வார்டு போனில் 2222. நம் 108 பழக்கத்தில் முதல் மாதம் விரல் தடுமாறும்.

சரி, ஃபெயில் என்று மெயில் வந்துவிட்டது. அன்றைக்கு அழுங்கள், தப்பில்லை. மறுநாள் அதைத் திரும்பப் படியுங்கள். எந்த ஸ்டேஷன், எதனால் என்று அதிலேயே இருக்கும். ஏழு அல்லது அதற்குக் குறைவான ஸ்டேஷனில் தோற்றிருந்தால் அவற்றை மட்டும் திரும்பச் செய்தால் போதும், 397 பவுண்டு. எட்டும் அதற்கு மேலும் என்றால் முழுத் தேர்வு, 794 பவுண்டு. நடுவில் குறைந்தது பத்து நாள் இடைவெளி வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் ஆறு மாதம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம். ஆனால் விசாவுக்குத் தனிக் கடிகாரம் ஓடுகிறது: வேலை தொடங்கிய 12 வாரத்துக்குள் முதல் முறை எழுத வேண்டும், 8 மாதத்துக்குள் பாஸாக வேண்டும். அதனால் ‘நன்றாகப் படித்துவிட்டு அப்புறம் புக் பண்ணலாம்’ என்று தள்ளாதீர்கள். தேதி முதலில், படிப்பு அதற்குப் பின்னால். முதல் முறைக்கான பணத்தை மருத்துவமனை கட்டுகிறதா, அடுத்த முறைக்கு யார் கட்டுவது என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். பாதியில் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகையும் அதில்தான் ஒளிந்திருக்கும்.

பதிவு வரும்வரை சம்பளம் அங்கத்திய அரசு மருத்துவமனைச் சம்பளப் படிகளில் பேண்ட் 3 அல்லது 4. பிறகு பேண்ட் 5. அந்த இடைக்காலத்தில்தான் மனசு உடையும். ஊரில் ஐ.சி.யூ. பார்த்தவள் அங்கே மருந்துத் தட்டைத் தொடக் கூடாது, படுக்கை விரிப்பு மாற்றலாம். அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மாதங்களில்தான் எனக்கு அவர்கள் பேச்சு காதில் ஏறியது. ‘லூ’ என்றால் கழிப்பறை, ‘ஆப்ஸ்’ என்றால் பி.பி., பல்ஸ் வகையறா. ‘யூ ஆல்ரைட்?’ என்று கேட்டால் அது வணக்கம் மாதிரி. நான் முதல் நாள் நின்று என் முதுகுவலியை விவரித்தேன்.

இன்னொன்று, ‘சிஸ்டர்’. நம் ஊரில் வெள்ளை உடை போட்ட எல்லாரும் சிஸ்டர். அங்கே அது வார்டை நடத்துபவரின் பதவி. ‘ஐ ஆம் சிஸ்டர்’ என்று அறிமுகம் செய்துகொண்டால் திரும்பிப் பார்ப்பார்கள்.

இன்னும் கிளம்பாதவர்களுக்கு ஒன்றே ஒன்று: இனிஷியல். நம் மார்க்ஷீட்டில் ‘கே’ என்று ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர், கவுன்சில் சான்றிதழில் வேறு மாதிரி. நம்மைப் பொறுத்தவரை மூன்றும் ஒரே ஆள். அங்கே மூன்று ஆள். தேர்வுகளுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பதிவு செய்யுங்கள். சென்னையில் தமிழ்நாடு நர்சஸ் கவுன்சிலுக்கு ஒரு நடை கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை, மற்றதை ஊரிலேயே சரி செய்யுங்கள். காட்பாடியில் ரயில் ஏறிய பிறகு இதற்காக அப்பாவை அலையவிடாதீர்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று உங்களிடமே லட்சம் கேட்கும் ஏஜென்ட்டை விட்டு நகருங்கள். பிரிட்டனின் நெறிமுறைப்படி வேலை தேடுபவரிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது.

அப்புறம் குவார்ட்டர்ஸில் மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளிக்கும் முன் ஜன்னலைத் திறங்கள். புகை அலாரம் அடித்து, கட்டிடமே நைட்டியோடு வெளியே வந்து குளிரில் நின்றது. அந்தப் புண்ணியவதி நான்தான்.

பேசி முடித்ததும் அடுத்த மாதம் கிளம்புகிறவளை எழுப்பி, என் அம்மாவை நோயாளியாக உட்காரவைத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே தொடங்கினாள். கை கழுவினேன் என்றாள், தன் பெயரைச் சொன்னாள், “உங்க முழுப் பேரும் பொறந்த தேதியும் சொல்லுங்கம்மா” என்றாள். அம்மா பீடி இலையை நறுக்கிக்கொண்டே, “தேதியெல்லாம் யாருக்குத் தெரியும்? ஆடி மாசம், கவுண்டன்யா ஆத்துல வெள்ளம் வந்த வருஷம்” என்றாள்.

அவள் திருதிருவென்று என்னைப் பார்த்தாள். நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும் கைப்பட்டையைப் பார், பார்ப்பதை வாய்விட்டுச் சொல் என்றேன்.