சுட்ட தோட்டாக் கூட்டின் கழுத்தை மட்டும் இறுக்குவது எப்படி?

வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில், உரிமம் பெற்று இலக்குச் சுடுதலில் ஈடுபட்டபோது, பித்தளைக் கூடுகளை மறுபடி நிரப்பும் வேலையைக் கற்றுக்கொண்டேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து அப்படி வெளிநாடு சென்று, சட்டம் இடம் கொடுக்கும் ஊர்களில் இந்த விளையாட்டில் இறங்கியிருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும்; துப்பாக்கிக்கான உரிமம் அதற்குப் போதாது. ஆகையால் ஊரில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

நாகர்கோவில் வடசேரியில் பித்தளை வேலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த உலோகத்தின் குணம் தெரிந்திருக்கும். தட்டத் தட்ட அது இறுகும். சூடு காட்டினால் இளகும். தோட்டாக் கூடு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. சுடும் கணத்தில் வாயுவின் அழுத்தத்தால் கூடு விரிந்து, அந்தத் துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டி, ஏறத்தாழ அதே வடிவத்தில் நின்றுவிடுகிறது. முழு நீளத்துக்கும் இறுக்கும் டையில் (கூட்டை அழுத்தி வடிவமைக்கும் அச்சு) அதைச் செலுத்தினால், உடலும் தோளும் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) திரும்ப நெருக்கப்பட்டு, அடுத்த சுடுதலில் மறுபடி விரிகின்றன. கழுத்தை மட்டும் இறுக்கினால் குண்டைப் பிடிக்கும் பகுதி மட்டுமே மாறும். அறைக்குப் பொருந்திய உடல் அப்படியே இருக்கும், பித்தளையும் சீக்கிரம் கடினமாகிவிடாது.

இதிலிருந்தே முதல் விதி பிறக்கிறது: அந்தக் கூடு அதே துப்பாக்கிக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். ஒருமுறை நான் இரண்டு துப்பாக்கிகளின் கூடுகளை ஒரே டப்பாவில் போட்டுவிட்டேன். போட்டியன்று நான்காவது தோட்டாவில், அறையை மூடும் போல்ட் பாதியில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து துப்பாக்கிக்கு ஒரு டப்பா. மூடியில் எத்தனை முறை சுட்டது என்ற எண்ணிக்கை. இந்த முறை கையால் இயக்கும் போல்ட் துப்பாக்கிகளுக்கே ஏற்றது. தானாக ஏற்றிக்கொள்ளும் வகைக்கு முழு இறுக்கமே வேண்டும்.

கூடுகளை முதலில் கழுவி உலர்த்துங்கள். அம்மோனியா கலந்த மெருகுத் திரவத்தைத் தொடவே வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டன. லாயத்தின் அம்மோனியாவும் பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என்பது 1921-இல் விளக்கப்பட்டது.

இறுக்குவதற்கு இரண்டு வகை டைகள் அதிகம் புழங்குகின்றன. புஷ்ஷிங் (கழுத்தை இறுக்கும், மாற்றிப் பொருத்தக்கூடிய வளையம்) வகையில், குண்டு பொருத்திய தோட்டாவின் கழுத்தை வெளிப்புறமாக மைக்ரோமீட்டரில் அளந்து, அதைவிட 1 முதல் 2 தவு, அதாவது 0.001 முதல் 0.002 அங்குலம், குறைந்த புஷ்ஷிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அளவு 0.336 அங்குலம் என்றால் 0.334 புஷ்ஷிங்கில் தொடங்கலாம். பித்தளை சற்றே திரும்ப விரியும் என்பதால், இறுக்கிய பிறகும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. லீ நிறுவனத்தின் காலெட் வகையில், பிளவுபட்ட வளையம் ஒன்று கழுத்தை நடுவிலுள்ள கம்பியின் மேல் அழுத்துகிறது. இதற்கு எண்ணெய் தேவையில்லை. டையைப் பொருத்தியிருக்கும் பிரஸ் கருவியின் கைப்பிடியில் உறுதியான எதிர்ப்பு தெரியும்வரை அழுத்தி, கூட்டைச் சிறிது திருப்பி இன்னொரு முறை அழுத்தினால் கழுத்து சீராக வரும். உள்ளே கூடு இல்லாமல் அழுத்தினால் காலெட் நசுங்கிக் கெட்டுவிடும்.

பழைய பிரைமரையும் (மருந்தைப் பற்றவைக்க அடியில் பொருத்தும் சிறு கிண்ணம்) இந்த டைகளே வெளித்தள்ளும். ஆனால் சுடாத பிரைமர் இருக்கும் கூட்டை ஒருபோதும் டைக்குள் விடாதீர்கள். உள்கழுத்தை விரிக்கும் குமிழ் இருக்கும் டையென்றால், கிராஃபைட் தூளில் தோய்த்த தூரிகையால் கழுத்தின் உள்பக்கத்தை ஒருமுறை துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குமிழ் கழுத்தை இழுத்துக் கோணலாக்கும்.

பிறகு நீளம். .308 வின்செஸ்டர் கூடு 2.015 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் 2.005-க்கு வெட்டி, விளிம்பை உள்ளும் புறமும் மழுக்க வேண்டும். மருந்து நிரப்பும் முன் வெறும் கூட்டை அறையில் வைத்துப் போல்ட்டை மூடிப் பாருங்கள். சில சுடுதல்களுக்குப் பின் மூடுவதற்குக் கனமாகத் தெரியும். அப்போது முழு டையால் தோளை 1 அல்லது 2 தவு மட்டும் பின்னுக்குத் தள்ளினால் போதும். இதை எந்தச் சுடுதலில் செய்ய வேண்டும் என்பதற்குக் கணக்கில்லை. போல்ட் கைப்பிடி சொல்லும்.

கழுத்துப் பித்தளை கடினமாகத் தொடங்கினால், வெடிப்பு விடும் முன்பே சூடு காட்டி இளக்கலாம். ஆனால் அடிப்பகுதிக்குச் சூடு போகவே கூடாது, அங்கேதான் முழு அழுத்தமும் தாங்கப்படுகிறது. இளகிய அடியுள்ள கூடு உயிருக்கே ஆபத்து.

கடைசியாக, நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, அடிக்குச் சற்று மேலே சுவரை வருடிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டாலோ, வெளியே அந்த இடத்தில் பளிச்சென்று வளையம் தெரிந்தாலோ, அந்தக் கூடு அடுத்த சுடுதலில் இரண்டாகப் பிரியலாம். குறட்டால் அதன் வாயை நசுக்கிய பிறகே பழைய பித்தளையோடு போடுங்கள். வேறு யாரும் எடுத்து நிரப்பிவிடக் கூடாது.