கலைக் கண்காட்சியில் அறிவியலைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற முறை ஃபோர்ட் கொச்சியில் பினாலே என்னும் கலைக் கண்காட்சியைப் பார்க்கப் போயிருந்தபோது, இளம் ஆசிரியர் ஒருவர் பத்துப் பதினைந்து மாணவர்களோடு வந்தார். பிள்ளைகள் ஒரு படைப்பை ஏறிட்டுப் பார்ப்பதற்குள்ளேயே, "இதில் இருக்கிற அறிவியல் என்னவென்றால்..." என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. நானும் இயற்பியல் ஆசிரியர்தான். இதே ஊரில் இதே தவறைச் செய்தவன். தொடாதே, சத்தம் போடாதே என்பதெல்லாம் வாசலிலேயே எழுதியிருக்கும். எழுதாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

தெரிந்த பெயரை ஒட்டிவிட்டு நகர்வது

2014 டிசம்பரில் தொடங்கிய கொச்சி–முசிறி பினாலேயில், ஆஸ்பின்வால் ஹவுஸில் சிற்பி அனிஷ் கபூரின் 'டிசென்ஷன்' என்ற படைப்பு இருந்தது. தரைக்குள் இறக்கிய தொட்டி, அதில் ஓயாமல் சுழலும் தண்ணீர், நடுவில் அடி தெரியாத பள்ளம். கோவையிலிருந்து என் மாணவர்களை அழைத்துப் போயிருந்தேன். பார்த்த மாத்திரத்தில், "இதுதான் கொரியோலிஸ் விளைவு. பூமி சுற்றுவதால் தண்ணீர் இப்படிச் சுழல்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், இவ்வளவு தண்ணி உள்ள போகுதே, ஏன் குறையவே இல்ல?"

"அதை அப்புறம் பார்க்கலாம்மா" என்று எல்லோரையும் அடுத்த அறைக்கு நகர்த்தினேன்.

விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. குறையவில்லை என்றால் தண்ணீர் வடிந்து போகவில்லை. வடியாத தண்ணீர் தானாகச் சுழன்றுகொண்டே இருக்காது, உராய்வு அதை நிறுத்திவிடும். அப்படியானால் ஏதோ ஒன்று சுழற்றுகிறது. ஆமாம், மோட்டார்தான்.

பூமிக்கு இதில் பங்கே இல்லையா? கணக்குப் போட்டுப் பாருங்கள். பூமி ஒரு சுற்றுக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. தொட்டித் தண்ணீர் வினாடிக்கு ஒரு சுற்று என்று வைத்தாலே 86,400 மடங்கு வேகம். போதாததற்கு, கொச்சி இருப்பது 10 பாகை வடக்கில். தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பும் கொரியோலிஸ் விசை, துருவத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் அங்கே இருக்கும். 1962-ல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஆஷர் ஷபிரோ ஆறடி விட்டத் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, 24 மணி நேரம் அசையாமல் விட்டு, அதற்குப் பிறகே அடியிலிருந்த சிறு துளையைத் திறந்தார். அத்தனை பொறுமைக்குப் பின்தான் பூமியின் சுழற்சி தண்ணீரில் மெல்லத் தெரிந்தது. நம் வீட்டு வாஷ்பேசினில் அது தெரியாது. புயலில் தெரியும், அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள்கணக்கில் சுழல்வது.

அந்த மாணவி நான் சொன்னதை அப்படியே நம்பி, பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் சார்ட் எழுதினாள். நடுவராக வந்தவர் எல்லோர் முன்னாலும் தவறு என்று சொல்லிவிட்டார். தப்பு என்னுடையது என்று அவரிடமும் சொன்னேன், அவளிடமும் சொன்னேன். ஆனாலும் அந்த வருடம் முழுக்க வகுப்பில் அவள் கை உயரவே இல்லை. நினைத்தால் இன்றும் என்மேல் கோபம் வருகிறது.

இப்போதெல்லாம் எந்தப் படைப்பு முன்னாலும் முதல் ஐந்து நிமிடம் நானும் பேசுவதில்லை, யாரையும் பேச விடுவதுமில்லை. அப்புறம் கேள்விகளை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். அந்தச் சுழல் மறுபடி கிடைத்தால், ஒரு குமிழைக் கண்ணால் பின்தொடரச் சொல்வேன்: விளிம்பில் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம், நடுவை நெருங்கும்போது எவ்வளவு? தொட்டியைச் சுற்றியிருந்த கம்பியைப் பிடித்திருந்தும் ஏன் ஓரடி பின்னால் போனாய் என்றும் கேட்பேன். அதுவும் கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

க்யூரேட்டர் (கண்காட்சியை அமைப்பவர்) எழுதிய குறிப்பைப் படிக்காமல் தாண்டுவது

அந்தப் பினாலேயை அமைத்தவர் ஜிதீஷ் கல்லாட். அந்தக் கரைக்கு வந்த கடற்பயணங்களையும், கேரளத்தின் பழைய வானியல்–கணித மரபையும் அடித்தளமாக வைத்திருந்தார். அந்த மரபைச் சேர்ந்த கணித அறிஞர் சங்கமகிராம மாதவன் 1 − 1/3 + 1/5 − 1/7 என்று போய்க்கொண்டே இருக்கும் தொடர் π/4 ஆகும் என்று கண்டது, அதே தொடரைக் கண்ட ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸுக்கு ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்கு முன்னால். கணக்கு ஆசிரியரையும் கூட்டிப் போயிருக்க வேண்டிய இடம் அது. குறிப்பை நான் படித்தது ஊர் திரும்பும் ரயிலில்.

முதலில் ஃபோனை எடுப்பது

சுழலின் உறுமல் வீடியோவில் வராது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்ப்பது

முடியாது. மூன்று படைப்புகள் போதும்.