குதிகால் வலி: எக்ஸ்ரேயில் தெரியும் முள்ளும் நாம் செய்யும் பிற தவறுகளும்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடியை வைத்ததும் குதிகாலில் ஆணி இறங்கியதுபோல் சுரீரென்று வலிக்கிறது; சுவரைப் பிடித்துக்கொண்டு சிறிது தூரம் நொண்டி நடந்தபின் வலி தணிகிறது; பிறகு அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே வலி. இந்த நேரக்கணக்கே பிளாண்டர் ஃபேசியைட்டிஸ் என்னும் நோயைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். குதியெலும்பின் அடிப்புறத்தில் தொடங்கி விரல்களின் அடிவரை செல்லும் தடித்த நார்ப்பட்டை ஒன்று, வில்லின் இரு முனைகளையும் பிணைக்கும் நாணைப்போல, உள்ளங்காலின் வளைவை இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்த நாண் குதியெலும்போடு சேரும் இடத்தில், தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சுமை விழுந்து விழுந்து நைந்துபோவதுதான் நோய்.

வலி என்றதும் எக்ஸ்ரே எடுத்து, குதியெலும்பிலிருந்து கொக்கிபோல் நீண்டிருக்கும் முனையைக் கண்டு, ‘எலும்பு முள்ளாக வளர்ந்திருக்கிறது, அதுதான் குத்துகிறது’ என்று முடிவு கட்டுவது முதல் தவறு. என் கணிப்பில் இதுவே பெரிய தவறும் ஆகும். குதிகால் வலியையே அறியாத பலருக்கும் அந்த முள் உண்டு. கடுமையான வலியுள்ள பலருக்கு அது இல்லை. மேலும், அது தரையை நோக்கிக் குத்தி நிற்பதில்லை, விரல்களை நோக்கிப் படுக்கைவாட்டில் நீள்கிறது. வலி முழுவதும் நீங்கியவரின் காலை மறுபடி படம் எடுத்தால் முள் அங்கேயே இருக்கும். எக்ஸ்ரேயின் உண்மையான பயன், எலும்பில் வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்வதில்தான் இருக்கிறது. நார்ப்பட்டையைப் பார்க்க வேண்டுமானால் அல்ட்ராசவுண்ட் உதவும். பட்டையின் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் நோயின் அடையாளமாகக் கொள்வார்கள்.

எல்லாக் குதிகால் வலியையும் ஒன்றாகக் கருதுவது அடுத்த தவறு. கால்விரல்களை மேல்நோக்கி வளைத்துப் பிடித்துக்கொண்டு, குதிகாலின் அடியில் சற்று உட்புறமாக, வளைவு தொடங்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே ‘ஆ’ என்று கத்த வைத்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. குதிகாலை இரு பக்கமும் உள்ளங்கைகளால் நெருக்கும்போது வலித்தால் எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கக்கூடும். எரிச்சலும் மரமரப்பும் சேர்ந்திருந்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். இளவயதினருக்கு இரு குதிகால்களும் வலித்து, காலையில் இடுப்பு விறைப்பும் நெடுநேரம் நீடித்தால், அது முதுகெலும்பு வாதநோயாக இருக்கக்கூடும் என்பதால் வாதநோய் மருத்துவரிடம் செல்வதே சரி. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ரத்தத்தில் யூரிக் அமிலம் சற்றே கூடியிருப்பதைக் கண்டு குதிகாலுக்காக மாத்திரை விழுங்குவோர் நம்மிடையே நிறைய உண்டு.

ஃபேசியைட்டிஸ் என்ற பெயரின் ‘ஐட்டிஸ்’ என்னும் ஈறு அழற்சியைக் குறிப்பதால் இதை வீக்க நோயாகவே எண்ணி, மாதக்கணக்கில் வலி மாத்திரையை நம்பியிருப்பதும் பயன் தராது. அறுவைசிகிச்சையில் எடுக்கப்பட்ட 50 பேரின் திசுக்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வில், அழற்சிக்குரிய அடையாளங்களுக்குப் பதிலாக நார்களின் சிதைவே காணப்பட்டது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிம்மதி தரும். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டை அறுந்துபோகவும், குதிகாலின் மெத்தையான கொழுப்புத் திசு மெலிந்துபோகவும் வாய்ப்புண்டு.

பயிற்சி செய்தும் பயனில்லை என்று சொல்பவர்களிடம் எப்போது, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலானோர் எழுந்து, பல் துலக்கி, காபி குடித்து முடித்தபின் செய்கிறார்கள். அதற்குள் நைந்த பட்டை ஐம்பது அடிகளின் இழுப்பைத் தாங்கியாயிற்று. கால் தரையில் படுவதற்கு முன்பே, கட்டிலில் உட்கார்ந்தபடி, வலிக்கும் காலை மறுகாலின் தொடைமீது வைத்து, விரல்களைக் கையால் பிடித்துக் கணுக்காலை நோக்கி இழுத்து, பத்து வரை எண்ணி விட வேண்டும். சரியாக இழுத்தால், மறுகை விரலால் வருடும்போது உள்ளங்காலில் பட்டை வீணைத் தந்திபோல் விறைத்து நிற்பது தட்டுப்படும். இதைப் பத்து முறையும், நாளுக்கு மூன்று வேளையும் செய்ய வேண்டும். கெண்டைக்கால் தசையை நீட்டுவதும் உடன் தேவை. வலி கொஞ்சம் அடங்கியபின், விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, படிக்கட்டின் விளிம்பில் நின்று, ஒருநாள் விட்டு ஒருநாள் குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கும் பயிற்சி பட்டைக்கு வலுவூட்டும். முழு ஓய்வு அந்த வலுவைத் தராது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு ஓடுவதும் தராது. இரண்டு வாரத்தில் பலனை எதிர்பார்ப்பது பேராசை. பெரும்பாலோருக்கு அறுவைசிகிச்சை இன்றியே ஓராண்டுக்குள் குணமாகிவிடுகிறது என்றாலும், அது மாதங்களில் கணக்கிட வேண்டிய குணம்.

எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு வாங்குகிறோம், வெளியே போகும்போது மட்டும் போட்டுக்கொண்டு, வீட்டு வாசலில் கழற்றிவிட்டு, டைல்ஸ் தரையிலும் அடுப்படியிலும் நாள் முழுவதும் வெறுங்காலோடு நிற்கிறோம். வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்வதில் ஆசாரக்குறைவு ஒன்றுமில்லை. எருக்கிலையைப் போர்த்திய சூடான செங்கல்லில் குதிகாலை வைத்து எடுக்கும் பாட்டி வைத்தியம் இதமாக இருக்கலாம். ஆனால் நீண்டநாள் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது, தோல் வெந்து ஆறாத புண்ணாகிவிடும். அவர்கள் இதைத் தொடவே கூடாது.

கடைசியாக, துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாளெல்லாம் நின்று வேலை செய்பவர்களுக்குப் பயிற்சியை மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது, ஏனென்றால் காலையில் பெற்ற நிவாரணத்தை மாலைக்குள் அந்த நிற்றலே தின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம், பணியாளர்களுக்கு இருக்கை வசதி அளிக்க வேண்டும் என்கிறது. மருத்துவர் தரும் சீட்டில், மாத்திரைகளுக்குக் கீழே ‘இடையிடையே உட்கார வேண்டும்’ என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட வேண்டியதில்லை.