செப்பாங் தடத்தில் ஆட்டோ கார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலிருந்து செப்பாங் ‘டிராக் டே’க்கு (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்) போகும் கார்களில் ஆட்டோ கியர் வண்டிகள் இப்போது குறைவில்லை. “ஆட்டோவில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது, டி-யில் போட்டு மிதிக்க வேண்டியதுதானே” என்று நினைத்துத் தடத்தில் இறங்குவதுதான் முதல் தவறு. டி நிலையின் கணக்கு சாலைக்காக எழுதப்பட்டது. பெட்ரோல் மிச்சமாக வேண்டும், ஜேமில் வண்டி குலுங்காமல் நகர வேண்டும், அவ்வளவுதான் அதன் கவலை. அதனால் நீங்கள் காலைத் தளர்த்தியதும் அது மேல் கியருக்குத் தாவப் பார்க்கும். தடத்தில் காலைத் தளர்த்துவது வளைவு வரும்போது. அங்கே வேண்டியது கீழ் கியர்.

இது எங்கே உறைக்கும் என்றால், ஒன்பதாவது வளைவில். செப்பாங்கின் 5.543 கிலோமீட்டரில் உள்ள 15 வளைவுகளில் மிக மெதுவானவற்றில் அதுவும் ஒன்று: இடப்பக்கம் கொண்டை ஊசி போல் திரும்பி, மேட்டில் ஏறும். டி-யில் விட்டு பிரேக் அடித்து வந்தால் பல வண்டிகள் மூன்றாவது கியரிலேயே நிற்கும். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவீர்கள். முதலில் ஒன்றும் நடக்காது. இன்னும் அழுத்துவீர்கள். ஒரு நொடி கழித்து கிக்டவுன் விழும் (கியர் தானாகக் கீழே இறங்கும்), இன்ஜின் சட்டென்று அலறும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங் இன்னும் திரும்பியே இருக்கும். முன்சக்கர இழுவை வண்டியானால் உள்பக்க டயர் சுழன்று, மூக்கு வெளிப்பக்கம் ஓடும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் சக்தியை வெட்டும். மேட்டில் ஏற வேண்டிய வண்டி மூச்சுவாங்கும். பின்சக்கர இழுவை வண்டியானால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும்.

செய்ய வேண்டிய வரிசை இது: வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முழுதாக அழுத்துங்கள், வேகம் பெரும்பாலும் குறைந்த பிறகு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள இடப்பக்க பேடிலை (கீழ் கியர் போடும் சிறு லீவர்) ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள், கியர் விழுந்து வண்டி அமைதியான பிறகே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். பேடில் இல்லாத நான்கு கியர் வண்டிகளில் லீவரில் உள்ள 3, 2 நிலைகளோ ஓவர்டிரைவ் பொத்தானோ இதே வேலைக்குத்தான் இருக்கின்றன.

பேடில் உள்ளவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. இன்ஜினின் சுழற்சி (ஆர்பிஎம்) அதிகமாக இருக்கும்போது கீழ் கியர் கேட்டால் கம்ப்யூட்டர் மறுத்துவிடும். பதற்றத்தில் மூன்று நான்கு முறை தட்டினால், சில வண்டிகள் வேகம் குறைந்ததும் இரண்டு கியரைச் சேர்த்து இறக்கும். ஈரத் தடத்தில் இது போதும், இழுவைச் சக்கரங்கள் பிடி விட்டுவிடும். மேனுவல் நிலையில் இருந்தாலும் ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோட்டில் தானாகவே மேல் கியர் போடும் வண்டிகள் நிறைய. வளைவின் நடுவில் அந்தக் கோட்டைத் தொடும்படி ஓட்டாதீர்கள்.

சிவிடி வண்டிக்காரர்கள் காதை நம்பிக் கெடுகிறார்கள். அதில் நிலையான கியர் கிடையாது, பெல்ட்டும் கப்பிகளும்தான். முழுதாக மிதித்தால் இன்ஜின் ஒரே சத்தத்தில் நிற்கும், வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். நீண்ட நேர்த்தடத்தின் முடிவில் சத்தத்தை வைத்து வேகத்தைக் கணித்தவர் முதல் வளைவுக்குத் தாமதமாகவே பிரேக் அடிப்பார். தடத்தின் ஓரத்தில் உள்ள தூரப் பலகைகளைப் பார்த்து பிரேக் அடியுங்கள். எஸ் (ஸ்போர்ட்) நிலையில் ஓட்டுவது நல்லது.

அடுத்தது சூடு. எங்கள் கணிப்பில் ஆட்டோ வண்டிகளைத் தடத்தில் கெடுப்பது வேகத்தைவிட இதுதான். கியர்பாக்ஸ் எண்ணெய் சாலையில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சுகம். 120-ஐத் தாண்டினால் எண்ணெயின் ஆயுள் வேகமாகக் குறையும். 150-ஐ நெருங்கினால் சீல்களும் கிளட்ச் தட்டுகளும் பாதிக்கப்படும். டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) பூட்டிக்கொள்ளாமல் நழுவும் நேரமெல்லாம் சூடுதான் உற்பத்தியாகிறது. நம் ஊரின் 33 டிகிரி வெயிலில் அது ஆறுவதும் கடினம். ஆகவே மூன்று சுற்று வேகமாக ஓட்டினால் நான்காவதை மெதுவாக, மேல் கியரில், பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டுங்கள். வேகச் சுற்றுகளில் ஏர்கானை அணைத்து வையுங்கள். அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சூட்டை அதன்மேல் தள்ளுகிறது. பல வண்டிகளில் கியர்பாக்ஸ் எண்ணெயும் அந்த ரேடியேட்டரை நம்பித்தான் குளிர்கிறது. சக்தி திடீரென்று குறைந்தாலோ எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ அது வண்டி தன்னைக் காத்துக்கொள்வது. மிதித்துப் பார்க்காமல் பிட்டுக்கு (தடத்தின் ஓரத்தில் வண்டிகள் நிற்கும் இடம்) வாருங்கள்.

உலர் கிளட்ச் (எண்ணெயில் மூழ்காத கிளட்ச்) கொண்ட இரட்டை கிளட்ச் வண்டிகளுக்கு ஆபத்து தடத்தில்கூட இல்லை, பிட் வாசலில் வரிசையில் நிற்கும்போது. பிரேக்கை லேசாக விட்டு விட்டு ஊர்ந்தால் கிளட்ச் அரைபட்டுக்கொண்டே இருக்கும். முன்னால் இடம் விழும்வரை முழுதாக நின்று, பிறகு ஒரே தடவையில் நகருங்கள்.

இரண்டு காலையும் பயன்படுத்துவது இன்னொரு பழக்கம். இடது காலால் பிரேக், வலது காலால் ஆக்ஸிலரேட்டர் என்று ஒரே நேரத்தில் அழுத்தினால் இப்போதைய வண்டிகளில் பெரும்பாலானவை இன்ஜின் சக்தியை வெட்டிவிடும். வெட்டாதவை கன்வெர்ட்டரை வறுக்கும். தொடக்கத்தில் வலது கால் ஒன்றே போதும்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. டி-யில் விட்டு ஓட்டினால் இன்ஜின் பிரேக்கிங் குறைவாகவே கிடைக்கும், முழு பாரமும் பிரேக் பேட்களின் தலையில். டாட் 4 வகை பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். இரண்டு வருடம் மாற்றாத எண்ணெயோடு வந்தால் பெடல் தரைவரை போகும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் குற்றம் பேட்டுடையது. இரண்டிலும் வேகத்தைக் குறைத்து வெளியே வருவதுதான் வழி.

டயர் காற்று, வீல் நட், கழற்றி வைக்க வேண்டிய தரைவிரிப்பு எல்லாம் எந்தக் காருக்கும் பொது. இன்சூரன்ஸ் மட்டும் கவனம்: சாதாரண மோட்டார் பாலிசிகளில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருப்பதே வழக்கம்.

ஓடி முடித்துத் திரும்பும்போது என்-இல் போட்டு உருட்டாதீர்கள், டி-யிலேயே வாருங்கள். முழுதாக நின்ற பிறகு பி. சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கொதிக்கும் டிஸ்க்கை பேட் இறுக்கிப் பிடித்தால் அங்கே பேட்டின் பூச்சு ஒட்டிக்கொண்டு பிறகு பிரேக் அதிரும். இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள், எண்ணெய் சுழன்று ஆறட்டும்.

வீடு திரும்பிய வாரத்தில் கியர்பாக்ஸ் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். டிப்ஸ்டிக் இல்லாத வண்டிக்கு வொர்க்‌ஷாப்பில்தான் எடுத்துத் தருவார்கள். கருத்து, கருகிய வாடை அடித்தால் கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திராமல் மாற்றிவிடுங்கள். சிவிடிக்கு சிவிடி எண்ணெய்தான், அதுவும் தயாரிப்பாளர் சொன்ன வகை. சாதாரண ஆட்டோ எண்ணெயை ஊற்றினால் பெல்ட் நழுவும்.